பைப்பில் தண்ணீர் இல்லாமல் போங்கள்

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மோட்டார்ஹோம், அதுதான் உங்கள் வீட்டு வண்டியின், கையேட்டை வாசித்து முடித்துவிட்டேன். தண்ணீர் லைன் வரைபடம் உள்ள பக்கங்களை மட்டும் காலி வீதிக் கடையில் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனையால் குறித்து மேசையில் வைத்திருக்கிறேன். மருமகனுக்கு மாசியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனடா மலைப்பகுதியில் பான்ஃப், லேக் லூயிஸ் பக்கம் போய் இரவில் தங்க ஆசை என்று சொன்னாய். தாராளமாகப் போங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒரு விடயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். பைப்பில் தண்ணீரோடு போகாதீர்கள். கல்கரியில் வீட்டு வாசலிலேயே லைன் முழுவதையும் காலியாக்கிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் தேவையான தண்ணீரைக் கானில் நிரப்பி வண்டிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.

ஹீற்றர் இருக்கிறது, தாங்கிக்கு அடியில் சூடாக்கும் பாய் இருக்கிறது, பிறகென்ன பயம் என்று மருமகன் கேட்பார். நியாயமான கேள்விதான். அவை எல்லாம் சரியாக வேலை செய்யும் வரைக்கும் பயமில்லை. ஏதாவது ஒன்று இரவு இரண்டு மணிக்கு நின்றுவிட்டால்தான் பிரச்சினை, மைனஸ் இருபதில் அதைத் திருத்திக்கொண்டிருக்க அவகாசம் கிடைக்காது.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் கிட்டத்தட்ட 9 வீதம் கூடும், இது நீ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பைப் ஐஸ் கட்டிய இடத்தில்தான் வெடிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஐஸ் ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும், மற்றப் பக்கத்தில் குழாய் பூட்டியிருக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் நெருக்கப்பட்டு, இருப்பதிலேயே பலவீனமான இடத்தைப் பிளக்கும். உங்கள் வண்டியில் உள்ள பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். மூட்டுகள், பம்பின் தலை, ஃபில்டர் கூடு, கழிவறை வால்வு இவை கொடுக்காது.

நான் கப்பலில் எஞ்சின் பகுதியில் இருந்த காலத்தில், குளிர்காலத்தில் போல்டிக் கடலுக்குள் போகுமுன் மேல்தளத்துத் தீயணைப்பு லைனை முழுவதும் வடித்துவிட்டு, வடிகால் வால்வுகளைத் திறந்தபடியே விடுவோம். ஒருமுறை இரண்டு வால்வுகளுக்கு இடையில் முழங்கை நீளமான ஒரு துண்டில் தண்ணீர் தங்கிவிட்டது. அந்த வார்ப்பிரும்பு வால்வின் உடம்பில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்ததை ஒருவரும் காணவில்லை, ஐஸே அதை அடைத்துக்கொண்டு நின்றது. வெப்பமான கடலுக்கு வந்து லைனுக்கு அழுத்தம் கொடுத்தபோதுதான் தண்ணீர் பீறிட்டது. உங்களுக்கும் அதுதான் நடக்கும். மலையில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், வீட்டுக்கு வந்து, சினூக் என்கிற வெப்பமான மலைக்காற்று அடித்துப் பனி உருகிற அன்றைக்குத் தரைப்பலகைக்கு அடியில் ஈரம் பரவும்.

அந்த சினூக்கை நம்பியும் புறப்படவேண்டாம். கல்கரியில் ஒரே நாளில் குளிர் விட்டுப்போகலாம், ஆனால் பான்ஃப் நகரம் 1,383 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, லேக் லூயிஸ் அதற்கும் மேலே. நம்முடைய நுவரெலியா 1,868 மீற்றர், அந்த உயரத்திலும் இங்கே தை, மாசியில் புல்லில் வெள்ளையாக உறைபனி படிவதோடு கதை முடிந்துவிடும். உயரத்தை விட, எந்த நாட்டு உயரம் என்பதுதான் முக்கியம்.

சரி, எப்படிக் காலியாக்குவது. சுடுதண்ணீர்த் தாங்கியை முதல் நாளே நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறிய பிறகும் நேரே அடி மூடியைக் கழற்றக்கூடாது. பம்பை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் மூடி, அழுத்தம் விடும் வால்வைத் தூக்கிக் காற்று உள்ளே போகவிட்டுத்தான் கழற்றவேண்டும். கொதிநீர் அழுத்தத்தோடு முகத்தில் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்டிருக்கிறேன், ஆகவே இந்த வேலையில் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவேண்டாம். அப்புறம் வண்டியின் அடியில் சூடு, குளிர் என்று இரண்டு வடிகால்கள் இருக்கின்றன, அவற்றைத் திறந்து, உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் பெரும்பகுதி தானாக வடிந்துவிடும். மிச்சத்தைக் காற்றடித்து வெளியேற்ற மருமகன் கம்பிரசரைப் பூட்டுவார், அழுத்தத்தை 40 பிஎஸ்ஐக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லு.

காற்றடித்தாலும் பள்ளமான இடங்களில் தண்ணீர் நிற்கும். அதற்குத்தான் அந்த இளஞ்சிவப்புத் திரவம். மோட்டார்ஹோம் குடிநீர் லைனுக்கென்று விற்கிற புரொப்பிலீன் கிளைக்கோல் அது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சை நிறத்தது எதிலீன் கிளைக்கோல், நஞ்சு. அதன் போத்தல் இந்த வேலை நடக்கிற இடத்திலேயே இருக்கக்கூடாது. திரவத்தை பம்பால் இழுக்கும் முன் சுடுதண்ணீர்த் தாங்கியைச் சுற்றிப்போகும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிடவேண்டும், இல்லாவிட்டால் அந்த 6 கலன் தாங்கி, கிட்டத்தட்ட 23 லீற்றர், முழுவதும் திரவத்தைக் குடித்துவிடும். திருப்பிவிட்டால் இரண்டு மூன்று கலன் போதும். ஒவ்வொரு குழாயிலும், சூட்டுப் பக்கம் வேறாக, குளிர்ப் பக்கம் வேறாக, இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து பாருங்கள். கழுவும் தொட்டிகளின் அடிக்குழாய் வளைவுகளிலும் ஒவ்வொரு கோப்பை ஊற்றுங்கள். எல்லோரும் மறக்கிற இடங்கள் மூன்று. வெளிப்பக்கத்து ஷவர், கழிவறையின் கைத்தெளிப்பான், வெளிக்குழாயைப் பூட்டும் வாய். போத்தலில் மைனஸ் 50 ஃபரன்ஹீட் என்று போட்டிருப்பது பைப் வெடிக்காது என்பதற்கான அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் குழகுழவென்று கட்டிபடத் தொடங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிறகு தண்ணீருக்கு என்ன செய்வது? நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இருபது லீற்றர்க் கான் ஒன்று தாராளம். தரையில் வைக்காதே, இரவில் தரைதான் முதலில் குளிரும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்துக் கழிவு கொட்டும் இடத்தில் ஊற்றுங்கள், அது தேசியப் பூங்கா, பனியில் ஊற்றக்கூடாது. கழிவறைக்கு அந்த இளஞ்சிவப்புத் திரவத்தையே கொஞ்சம் பாவிக்கலாம். வெள்ளவத்தையில் நீர்வெட்டு வந்தால் நீயும் அண்ணாவும் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே, உன் பிள்ளைகளும் இரண்டு இரவு சமாளிப்பார்கள். அவர்களுக்கு அங்கே தேவை சூடு. ஷவர் இல்லை.

ஒக்டோபர், ஏப்ரல் பயணங்கள் வேறு. பகலில் வெயில், இரவில் மைனஸ் மூன்று நாலு என்றால் தண்ணீரோடு போகலாம். ஆனால் அப்போதும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் வண்டியின் காஸ் ஹீற்றர் தன் சூட்டில் ஒரு பகுதியைக் குழாய் வழியாகத் தாங்கிகள் இருக்கும் அடித்தட்டுக்கு ஊதுகிறது, கையேட்டில் வரைபடமே இருக்கிறது. காஸை மிச்சம்பிடிக்கச் சின்னக் கரண்ட் ஹீற்றரை உள்ளே வைத்தால் அறை சூடாகும், தெர்மோஸ்டாட் போதும் என்று நினைத்துக் காஸ் ஹீற்றரை நிறுத்திவிடும், நீங்கள் சுகமாகத் தூங்க, கீழே தாங்கிப் பக்கம் சூடே போகாமல் உறையும். அதனால் காஸ் ஹீற்றரே ஓடட்டும். கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலுமாரிக் கதவுகளை இரவில் திறந்து வையுங்கள். வெளிக்குழாயை இரவில் கழற்றி வடித்துவிட்டு உள்தாங்கித் தண்ணீரைப் பாவியுங்கள். கழிவு வால்வைத் திறந்தபடி விட்டால் சொட்டுச் சொட்டாக வந்து ஹோஸுக்குள் ஐஸ் கட்டும், மூடிவைத்துச் சேர்ந்தபின் ஒரேயடியாகத் திறவுங்கள்.

காற்றோடு சேர்த்து மைனஸ் இருபத்தைந்து போல இருக்கும் என்று நீ வானிலையைப் பார்த்துச் சொல்வாய். அந்த "போல" நம் தோலுக்கு. பைப் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது, ஆனால் காற்று அடித்தால் அங்கே கெதியாகப் போய்ச் சேரும். நெடுஞ்சாலையில் ஓடும்போது அடித்தட்டுக்கு எந்நேரமும் காற்றுத்தானே.

2021 கடைசியில் இங்கே காஸ் அடுப்புகள் வெடித்தபோது எல்லோரும் புரொப்பேன், பியூட்டேன் கலவை பற்றிக் கதைத்தது ஞாபகம் இருக்கும். பியூட்டேன் மைனஸ் அரைப் பாகைக்குக் கீழே ஆவியாகாது, புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அங்கே உங்களுக்கு நிரப்புவது புரொப்பேன்தான், என்றாலும் கடுங்குளிரில் அழுத்தம் குறையும், சிலிண்டரைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஹீற்றரின் விசிறி பற்றரியில் ஓடுவது, அதையும் பாருங்கள், லிதியம் என்றால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. கரண்ட் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பவும் வேண்டாம். 2024 ஜனவரி 13 அன்று உங்கள் அல்பேட்டா மாகாணம் முழுவதும் மின்சாரத்தைக் குறைத்துப் பாவிக்கச் சொல்லிக் கைபேசிக்கு அவசர அறிவிப்பு வந்ததே. எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கவே கூடாது, காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. அதன் அலாரத்தைப் புறப்படுமுன் அழுத்திப் பார்.

வடிகால் மூடி இரண்டையும் பைபாஸ் வால்வையும் படம் எடுத்து அனுப்பு பிள்ளை. வால்வின் கைபிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று வரைபடத்தில் தெளிவில்லை. உங்களுக்குச் சனிக்கிழமை காலை எனக்கு இரவு, வேலையைத் தொடங்கியதும் வீடியோவில் எடு, முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா