புல்லு வெட்டுற ஆக்களுக்கு: பின்னேர வேலை குறையுது

வணக்கம் அண்ணையவை, தம்பியவை.

வேலையால வந்து பின்னேரம் மூண்டு வீடு வெட்டின காலம் போச்சு. ரொறன்ரோவில ஒக்ரோபர் தொடக்கத்தில 7 மணிக்குப் பொழுதுபடுது. மாத முடிவில 6 மணி தாண்டின கையோட இருட்டு. நவம்பர் முதல் ஞாயிறு குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைச்சால் 5 மணிக்கே சரி. அதால இனி கிழமை நாளில ஒரு வீடுதான், மிச்சம் சனி, ஞாயிறு. வார இறுதியில காலமை 9 மணிக்கு முன்னம் மெசினை இழுக்காதேங்கோ, நகரசபைச் சத்த விதி இருக்கு. போன வருசம் எட்டரைக்கு இழுத்துப்போட்டு பக்கத்து வீட்டு அம்மாட்டை நான் வாங்கின பேச்சு இன்னும் காதில கிடக்கு.

தலையில லைற் கட்டிக்கொண்டு வெட்டலாம் எண்டு ஒரு தம்பி கேட்டவர். வேண்டாம். இலைக்குக் கீழ கல்லுக் கிடந்தாலும் தெரியாது, பிளேட் அடிச்சால் கால்தான் போகும்.

இலை மெல்லிசாக் கிடந்தால் மெசினாலயே அரைச்சு விடுங்கோ, புல்லுக்குப் பசளை. தடிப்பா இருந்தால் கூட்டிக் கடதாசிப் பையில கட்டுங்கோ. பிளாஸ்ரிக் பையை எடுக்கமாட்டினம். நனைஞ்ச இலை பொல்லாத பாரம், பையை நிரப்பாதேங்கோ. இலை வேலைக்குக் காசு புறம்பு எண்டதைத் தொடங்க முன்னமே சொல்லிப்போடுங்கோ.

கடைசி வெட்டு 5 சென்ரிமீற்றர் அளவில. நீட்டா விட்டால் பனிக்குக் கீழ பூஞ்சணம் பிடிக்கும்.

மிச்ச வீட்டுக் கணக்கை வியாழனுக்கு முன்னம் இதில போடுங்கோ, ட்ரெயிலர் ஆருக்கு எப்ப எண்டு பிரிப்பம்.