கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றி எழுதுகிறவர்கள் மீனின் நிறத்தை எழுதுகிறார்கள், விளக்கின் விலையை எழுதுகிறார்கள். தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் கிடக்கும் குழாய்களை யாரும் சீந்துவதில்லை. ஹால் முழுக்க உப்புத் தண்ணீர் நிற்கும் அன்றுதான் அந்தப் பேச்சே வருகிறது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கரண்ட் போனால் மேலே இருந்து எத்தனை லிட்டர் கீழே இறங்கும் என்பதுதான்.

மேலே காட்சித் தொட்டி, கீழே சம்ப் எனப்படும் இன்னொரு தொட்டி. மேலே ததும்பும் நீர் வழிவுப் பெட்டிக்குள் விழுந்து குழாய் வழியாகச் சம்புக்கு இறங்குகிறது. அங்கே ஸ்கிம்மர் அழுக்கை எடுத்ததும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. மோட்டார் ஓடும் வரை எல்லாம் சரி. அது நின்ற நொடியில், மேலேற்றும் அதே குழாய் சைஃபனாக மாறி நீரைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். அதன் வாய் நீருக்கு வெளியே வந்து காற்றைக் குடிக்கும் வரை இழுப்பு நிற்காது.

120 செ.மீ. நீளம், 60 அகலம், 55 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு செ.மீ. நீர் என்றால் 7.2 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் 36 லிட்டர் இறங்கும். வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பதைச் சேர்த்தால் 40 என்று வையுங்கள். சம்ப் 90 x 45 x 40 செ.மீ. அளவென்றால் அதில் மட்டம் ஏறக்குறைய 10 செ.மீ. உயரும். ஓடும்போது 21 செ.மீ. நின்ற நீர் 31-க்கு வந்து நிற்கும், தரை நனையாது. அதே வாயை ‘அடி வரை நீரோட்டம் வேண்டும்’ என்று 30 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இறங்குவது 216 லிட்டர். சம்பின் மொத்தக் கொள்ளளவே 162 லிட்டர்தான்.

இதற்குப் பிளம்பர் சொல்லும் தீர்வு என்.ஆர்.வி., அதாவது நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு. மாடித் தொட்டிக்கு அது நல்ல பொருள். கடல்நீரில் சில மாதங்களில் அதன் தட்டின்மேல் சுண்ணாம்புப் பாசியும் குழாய்ப்புழுக்களும் படியும், தட்டு முழுசாக மூடாது. அதை நம்பிச் சம்பை நிரப்பி வைத்தவர்களுக்குத்தான் வெள்ளம். மேலேற்றும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் உடையும். ஆனால் துளையையும் பாசி அடைக்கும், வாரம் ஒரு தரம் குத்திவிட வேண்டும். எல்லாவற்றிலும் மேலானது வாயையே 2 செ.மீ. ஆழத்தில் வைப்பது. ஆழத்தில் நீரோட்டம் கொடுப்பது, தொட்டிக்குள்ளேயே நீரைத் தள்ளிச் சுழற்றும் வேவ்மேக்கரின் வேலை.

இறங்கும் குழாயிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே குழாய் போட்டுக் கொடுக்கும் தொட்டிகள்தான் அதிகம். அதில் காற்றும் நீரும் கலந்து இறங்கும், இரவில் கழிவறை ஃப்ளஷ் போல இரைச்சல் கேட்கும், ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் அடைபடும். இரண்டு குழாய் போடுங்கள். ஒன்றில் காற்றே இல்லாத முழு சைஃபன், அதன் அடியில் வால்வு. மற்றது அவசரக் குழாய். அதன் வாய் முதல் குழாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அதில் எந்த வால்வும் கூடாது. ஓர் அங்குல முழு சைஃபன் 70 செ.மீ. இறக்கத்தில் மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல் தாங்கும். காற்று கலந்து ஓடினால் அதே குழாய் அதில் மூன்றில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. வால்வைச் சிறிது சிறிதாக மூடி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். வழிவுப் பெட்டியில் மட்டம் உயர்ந்து அவசரக் குழாயில் நூல் போலக் கசியும் இடத்தில் நிறுத்தினால் சத்தமே இருக்காது. சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் நீரில் 2 செ.மீ. மட்டும் முங்கியிருக்கட்டும். ஆழமாக முங்கினால் கரண்ட் வந்ததும் உள்ளிருக்கும் காற்றைத் தள்ள முடியாமல் சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் முனை நீருக்கு மேலேயே நிற்க வேண்டும். நீர் விழும் சத்தம்தான் முதல் குழாய் அடைத்துக்கொண்டது என்பதற்கு அறிவிப்பு மணி.

இனி ஹார்டுவேர் கடை. நம் ஊர்க் கடையில் மூன்று வகைக் குழாய் ஒரே ரேக்கில் கிடக்கும். விவசாய பிவிசி 32 மி.மீ. என்றால் வெளிவிட்டம் 32. பிளம்பிங் யுபிவிசி ஒரு அங்குலம் என்றால் வெளிவிட்டம் 33.4. சந்தன நிற சிபிவிசி ஒரு அங்குலம் என்றால் 28.6 மட்டுமே. முதல் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருப்பதால் 32 மி.மீ. குழாயை ஒரு அங்குல எல்போவில் சால்வன்ட் தடவிச் செருகிவிடுவார்கள். அன்று கசியாது. ஆடிக்கொண்டே இருக்கும் மோட்டார் சில வாரங்களில் அதைக் கழற்றிவிடும். ஒரே வகையில் எல்லாவற்றையும் வாங்குங்கள், டேங்க் நிப்பிள் உட்பட. குழாயை நேராக வெட்டி, பிசிறு சீவி, இரு பக்கமும் சால்வன்ட் தடவி, கால் சுற்று திருகி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்த பிறகே தண்ணீர். மோட்டாருக்கும் வால்வுக்கும் பக்கத்தில் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போடாமல் ஒட்டிவிட்டால், ஆறு மாதத்தில் மோட்டாரைக் கழுவ எடுக்கும்போது ரம்பம் தேவைப்படும்.

அடுத்து பித்தளை. இதில் சமரசமே கிடையாது. கடையில் கேட் வால்வு என்றால் பித்தளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சிபிவிசி எல்போவில் மரை உள்ள வகைக்குள்ளும் பித்தளை வளையம் ஒளிந்திருக்கும். உப்புநீர் அதை அரித்துச் செம்பைக் கரைக்கும். மீன் ஒருவேளை தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைக்காவிட்டால் முழுப் பிளாஸ்டிக் பால் வால்வு போதும், நுணுக்கமாகத் திருக மட்டும் பொறுமை வேண்டும். ஹோஸ் கிளிப்பும் துருப்பிடிக்கும் உலோகமாக இருக்கக் கூடாது.

மோட்டார் டப்பாவில் 3,000 லிட்டர், 3 மீட்டர் என்று இருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று பொருளல்ல. உயரமே இல்லாதபோது 3,000. மூன்று மீட்டர் உயரத்தில் சுழியம். 1.3 மீட்டர் ஏற்றத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தால் நல்ல மோட்டார். ஓர் அங்குலக் குழாயில் ஒவ்வொரு 90 டிகிரி எல்போவும் சுமார் முக்கால் மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடை தரும். முடிந்த இடத்தில் இரண்டு 45 டிகிரி போடுங்கள். மோட்டார் வாயைவிட ஓர் அளவு பெரிய குழாயாக ஏற்றுங்கள். உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு மீட்டர் வேண்டாம்: 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1,800 லிட்டர். இந்தத் தொட்டியில் நீர் 360 லிட்டர், அப்படியானால் மணிக்கு ஐந்து சுற்று. சம்புக்கு அது போதும். அதற்கு மேல் பெரிய மோட்டார் போட்டால் இரைச்சலும் கரண்ட் பில்லும்தான் ஏறும். அது எடுக்கும் வாட் நீரில் சூடாகவும் இறங்கும், நம் ஊர் மே மாதத்தில் அது வேண்டாத வேலை.

பவளத்துக்குத் தேவையான 20 முதல் 30 சுற்று வேவ்மேக்கரிலிருந்து வரட்டும். இரண்டை எதிரெதிராக, மாறி மாறி ஓடும்படி வையுங்கள். ஒரே திசையில் நேராக அடிக்கும் நீர் பவளத்தின் சதையை உரிக்கும். பாறைகளைப் பின்கண்ணாடியோடு ஒட்டி அடுக்கினால் பின்னால் நீர் செத்துக் கிடந்து கழிவு தங்கும், நைட்ரேட் ஏறும். (மண்டபம் பக்கம் போனால் பவளப்பாறையை எடுத்துவரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.) இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டியதும் வேவ்மேக்கரைத்தான். அதை நீர்ப்பரப்பு கலங்கும்படி திருப்பி வைத்தால் குறைந்த வாட்டில் ஆக்சிஜன் கிடைக்கும். ஒயர்கள் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் இந்தத் தொட்டியே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. கரண்ட் இருக்கிறது, இறங்கும் இரண்டு குழாயும் அடைத்துவிட்டன. மோட்டார், சம்பில் தான் இருக்கும் தடுப்பறையில் உள்ளதையெல்லாம் மேலே ஏற்றும். அந்த அறை 25 x 45 செ.மீ., உறிஞ்சும் வாய்க்கு மேல் 15 செ.மீ. நீர் என்றால் 17 லிட்டர், மேலே 2.3 செ.மீ. உயரும். 4 செ.மீ. இடம் விட்டிருந்தால் தப்பலாம். ஆனால் ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கி, கீழே மட்டம் குறைந்ததைப் பார்த்து ஆர்.ஓ. நீரை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் பீப்பாய் 20 லிட்டர் என்றால் தொட்டி வழியும், மிஞ்சிய நீரில் உப்பின் அளவும் குறையும். 10 லிட்டர் பீப்பாயோடு நிறுத்துங்கள்.

பாறை, மணல், மீன் எதுவும் போடாமல் சாதாரணத் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை நான்கு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சைஃபன் தானாகப் பிடிக்கிறதா, சம்ப் எங்கே நிற்கிறது என்று கவனித்து, ஓடும்போது தாண்டக் கூடாத மட்டத்தை மோட்டார் அறைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறியுங்கள். பிறகு சைஃபன் குழாயைத் துணியால் அடைத்து அவசரக் குழாய் மட்டும் முழு நீரையும் தாங்குகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் தேறிய பிறகு உப்பு கலக்கலாம். தொட்டிக்கும் சம்புக்கும் சேர்த்துச் சுமார் 16 கிலோ பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொளத்தூர், சென்னை.