அந்த டப்பா செய்வினை இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதம் பகுதில ஒருத்தர் எழுதியிருந்தாரு, பார்க்ல சில பேர் பெஞ்சுக்கு அடில கைய விட்டு துழாவுறாங்க, மரப்பொந்துல எட்டிப் பாக்குறாங்க, யாராச்சும் பக்கத்துல வந்தா உடனே போன் பேசுற மாதிரி ஆக்ட் குடுக்குறாங்க, போதைப்பொருள் விவகாரமா இருக்குமோன்னு. சார், அதுல ஒரு ஆள் நானாகூட இருக்கலாம். எனக்கு 52 வயசு, சுகர் இருக்கு, டாக்டர் தினமும் நடங்கன்னுட்டாரு, சும்மா நடக்க போரடிக்குதேன்னு புலம்பினப்போ சின்னவன்தான் இந்த ஜியோகேஷிங் ஆப்ப போன்ல போட்டுக் குடுத்தான், அன்னைக்கு பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல.

விஷயம் ரொம்ப சிம்பிள். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சுட்டு அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய ஆப்ல போட்டுடுவாரு, நாம அத வெச்சு தேடிப் போகணும், உள்ள சுருட்டின பேப்பர் இருக்கும், பேரும் தேதியும் எழுதிட்டு எடுத்த இடத்துலயே திருப்பி வெச்சுடணும். பெரிய டப்பான்னா பொம்மை, பாசிமணி, வெளிநாட்டு காசுன்னு ஏதாச்சும் கிடக்கும், ஒண்ணு எடுத்தா ஈடா ஒண்ணு போடணும். புதையல்னு பேருதான், தங்கமெல்லாம் கிடையாது.

இது 2000ல ஆரம்பிச்சது. அதுவரைக்கும் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னல வேணும்னே கெடுத்துத்தான் பொதுமக்களுக்கு விட்டுச்சு, 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். மே மாசம் தொடக்கத்துல கிளின்டன் அத நிறுத்தச் சொன்னாரு, நிறுத்தி ரெண்டு நாள்கூட ஆகல, மே 3ஆம் தேதி ஓரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்னு ஒருத்தர் ஒரு பக்கெட்ட காட்டுல பாதி புதைச்சு வெச்சு, முடிஞ்சா கண்டுபிடிங்கன்னு இன்டர்நெட்ல போட்டாரு, உள்ள ஒரு பீன்ஸ் டின் வேற. இன்னைக்கு உலகம் முழுக்க 30 லட்சம் டப்பாவுக்கு மேல இருக்கு. இடத்துக்காரங்க பர்மிஷன் இல்லாம மண்ணத் தோண்டி புதைக்கக் கூடாதுன்னு இப்ப ரூல், முதல் ஆளே புதைச்சவருதான், அது வேற கதை.

நான் எழுத வந்தது வேற ஒண்ணு. ரெண்டு மாசம் முன்னாடி இங்க சிங்கப்பூர்ல, வீட்டுப் பக்கத்து பார்க் கனெக்டர்ல, அதாவது பார்க்குகள இணைக்கிற நடைபாதைல, ஒரு டப்பாவ தேடிட்டு இருந்தேன், மரத்துக்கு அடில போன் அம்பு சுத்து சுத்துன்னு சுத்துது, பத்து மீட்டர் இங்க காட்டுது பத்து மீட்டர் அங்க காட்டுது. புல்லு வெட்டிட்டு இருந்த தம்பி மெஷின ஆஃப் பண்ணிட்டு, "அக்கா, என்ன தொலைச்சிட்டீங்க?"ன்னு கேட்டாரு. புதுக்கோட்டைக்காரரு. நான் விஷயத்த சொன்னதும் மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அதுவா? அத பாத்ததுல இருந்து நான் அந்தப் பக்கம் புல்லே வெட்டலக்கா"ன்னாரு. வேர் இடுக்குல கைய காட்டினாரு, பாத்தா கிளிப் போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ள நூல் முடி வெச்ச ஒரு குட்டி பொம்மை, கறுப்பு பாசி, அஞ்சாறு காசு, சுருட்டின பேப்பர்ல வரிசையா பேரும் தேதியும். டப்பா மேல ஒரு எலுமிச்சம்பழம். அந்தப் பழம் தம்பி வெச்சதாம், சேஃப்டிக்கு! "எங்க ஊர்ல இத பாத்தா கோடாங்கிய கூட்டிட்டு வந்துதான்க்கா எடுப்போம்." எனக்கு சிரிப்பு அடங்கல, ஆனா யோசிச்சா அவரு சொன்னது நியாயம்தான், அந்த ஐட்டத்தையெல்லாம் ஒண்ணா பாத்தா எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க.

டப்பால விளக்கச் சீட்டு இருக்கத்தான் செய்யுது, ஆனா மொத்தமும் இங்கிலீஷ். நம்ம பார்க்குகள்ல டெய்லி குனிஞ்சு நிமிர்றவங்க யாரு, தமிழ்நாட்டுல இருந்தும் பங்களாதேஷ்ல இருந்தும் வந்தவங்கதானே நிறைய, டப்பா அவங்க கண்ணுலதான முதல்ல படும். சில பேர் பயப்படுறாங்க, சில பேர் குப்பைன்னு தூக்கிப் போட்டுடுறாங்க, அப்புறம் டப்பா வெச்ச ஓனர் டப்பாவ காணோம் காணோம்னு புலம்புறாரு. அதனால ஓனருக்கு மெசேஜ் அனுப்பிட்டு நானே ஒரு தமிழ்ச் சீட்டு எழுதி ஒட்டினேன்: "இது விளையாட்டுப் பெட்டி. ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுங்கள்." இங்க டப்பா வெக்கிற நம்ம ஆளுங்க யாராச்சும் இத படிச்சா இதே மாதிரி செய்யுங்க, பெங்காலி தெரிஞ்சவங்க கிட்ட கேட்டு அதுலயும் ஒரு வரி சேத்துடுங்க.

கடிதம் எழுதின ஐயா சந்தேகப்பட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்துல வெதர்பிங்கிற ஊர்ல 2011ல ஒரு கபே வாசல்ல இருந்த டப்பாவ பாம்னு நினைச்சு, பாம் ஸ்குவாட் வந்து வெடிக்க வெச்சு அழிச்சாங்க. எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல், ஸ்கூல் பக்கம், அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ திறந்து கிடக்கிற வாய்டு டெக், இங்கெல்லாம் கொண்டுபோய் ஒளிக்கிறவங்களுக்கு நிஜமாவே அறிவு கம்மி. இடத்துக்காரங்க பர்மிஷன் வேணும், ஒரு டப்பாவுக்கும் இன்னொண்ணுக்கும் 161 மீட்டராச்சும் இடைவெளி வேணும்னு ரூலெல்லாம் இருக்கு. பேகு கீகு கிடந்து மனசுக்கு சரியா படலன்னா தாராளமா போலீசுக்கு 999 அடிங்க. ஆனா பெஞ்சுக்கு அடில துழாவுறது ஒரு நடுத்தர வயசு பொம்பளையா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிங்க சார்.

அந்தத் தம்பி பேப்பர்ல தன் பேர தமிழ்லயே எழுதினாரு, அந்த லிஸ்ட்லயே அது ஒண்ணுதான் தமிழ்ப் பேரு. அடுத்த ஞாயித்துக்கிழமை லீவுக்கு ரூம்ல இருக்கிற ரெண்டு பேர கூட்டிட்டு அடுத்த டப்பா தேட வர்றேன்னு சொல்லியிருக்காரு. எலுமிச்சம்பழம் மட்டும் வேணாம்னுட்டேன், சாப்பாட்டுச் சாமான் வெக்கக்கூடாதுன்னு ரூல், எறும்பு மொய்ச்சிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்