ஆள் கணக்கு, குண்டுக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு: போர் வரலாறு வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி அண்மையில் தமிழில் வந்த ஒரு நூலில், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் 20ஆவது மெய்ன் ரெஜிமென்ட் (வட மாநிலமான மெய்னிலிருந்து வந்த படை) நின்ற கதை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள் தோட்டா மழை மூன்று முறை பொழிகிறது. எந்த நூல் என்பது முக்கியமில்லை, இதே மழை உங்களில் பலருடைய நூல்களிலும் பெய்திருக்கிறது. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வட மாநிலங்களின் யூனியன் படையும் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையும் மோதியதும், அந்தப் போரில் 1863 ஜூலை 2 அன்று இந்தக் குன்றில் சண்டை நடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. கேட்பது ஒன்றுதான். ஒரு ரெஜிமென்ட்டின் சண்டையை வெளியிடும்போது ஆள் கணக்கு, குண்டுக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

அந்தப் போர்வீரர்களின் துப்பாக்கியால் மழை பொழிய முடியாது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி அதுவும் குழல் வாய் வழியே வெடிமருந்து கெட்டிப்பது. பெட்டியிலிருந்து காகிதத் தோட்டாவை எடுத்து, அதன் வாலைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஏறத்தாழ 4 கிராம் மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டைக் குழல் வாயில் வைத்து அமுக்க வேண்டும். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் இரும்புக்கோலை உருவி, குண்டு அடிவரை இறங்கும்படி இடித்து, கோலைத் திரும்பச் செருக வேண்டும். துப்பாக்கியின் குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) பாதி இழுத்து, அதன் கீழுள்ள சிறு குழாயில் செம்புக் கேப்பு ஒன்றைப் பொருத்த வேண்டும் (தீபாவளிப் பொட்டு கேப்புக்கு இது பாட்டன்). அதற்குப் பிறகுதான் குறி, சுடுதல். பயிற்சி நூல் கெட்டிப்பதை மட்டும் ஒன்பது கட்டளைகளாகப் பிரித்திருந்தது. கைதேர்ந்தவன் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். சுடச் சுடக் கரி மண்டி, குண்டு இறங்க மறுக்கும். கேப்பு பற்றாமல் போனாலும், அத்தனை இரைச்சலில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே ஆளுக்குத் தெரியாது. அதன் மேலேயே அடுத்த தோட்டாவை இடிப்பான். கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் களத்தில் பொறுக்கிய 27,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் இரண்டிரண்டு தோட்டாக்கள். ஒன்றில் 23.

ஆள் கணக்குக்கு வருவோம். ரெஜிமென்ட் என்றால் 10 கம்பெனி, காகிதத்தில் 1,000 பேர். அன்று மெய்ன்காரர்கள் 400 பேர்கூட இல்லை. அவர்கள் நின்றது யூனியன் வரிசையின் இடக்கோடி. அவர்களைத் தாண்டினால் காவலுக்கு யாருமில்லை. ஆளுக்கு 60 தோட்டா. 60ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள், விடாமல் சுட்டால் 20 நிமிடத்துக்குத்தான் வரும். சண்டையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. விழுந்தவர்களின் பெட்டிகளைத் துழாவி எடுத்ததும் தீர்ந்துபோனது. மெய்ன்காரர்களின் கர்னல் சேம்பர்லின் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) தாக்குதலுக்குப் போனது அந்த நிலையில்தான். உங்கள் நூலில் அவருக்கு வீரம் பொங்கியது. பொங்கியிருக்கலாம், ஆனால் பெட்டி காலியானதைச் சொல்லாவிட்டால் அது சினிமாச் சண்டை.

தண்ணீர்க் கணக்கைத்தான் யாரும் தொடுவதே இல்லை. எதிரே ஏறி வந்தது தென் மாநிலப் படையின் 15ஆவது அலபாமா ரெஜிமென்ட். விடியுமுன் கிளம்பி ஏறத்தாழ 25 மைல் நடந்தே வந்தவர்கள். அவர்களுடைய கர்னல் ஓட்ஸ், எல்லாருடைய தண்ணீர்க் குடுவைகளையும் 22 பேரிடம் கொடுத்துக் கிணற்றுக்கு அனுப்பினார். அவர்கள் திரும்புமுன்பே முன்னேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. காத்திருக்க அனுமதி இல்லை. தண்ணீர் இல்லாமலே பக்கத்திலிருந்த பெரிய ரவுண்ட் டாப் குன்றில் முதலில் ஏறினார்கள், ஜூலை வெயிலில் சிலர் மயங்கி விழுந்தார்கள். நிரப்பிய குடுவைகளோடு தேடி வந்த 22 பேரும் வழி தவறி எதிரியிடம் சிக்கிக்கொண்டார்கள். இப்போது மேலே சொன்ன பல்லால் கடிக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொஞ்சம் வாய்க்குள் போகும். உதடு கறுத்து, எச்சில் வற்றி, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாயோடுதான் அலபாமாக்காரர்கள் திரும்பத் திரும்ப லிட்டில் ரவுண்ட் டாப் மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். தோல்விக்கு அந்தத் தண்ணீர் இல்லாமல் போனதும் பெரிய காரணம் என்று ஓட்ஸே பின்னாளில் எழுதினார். உங்கள் நூலில் அந்த 22 பேர் இல்லை. தோட்டா மழைக்கு மட்டும் மூன்று முறை இடம் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனிகள் சேர்ந்தது ரெஜிமென்ட், ரெஜிமென்ட்டுகள் சேர்ந்தது பிரிகேடு, கோர் அதைவிடப் பெரியது. உங்கள் நூல்களிலோ எல்லாம் ஒரே சொல். கம்பெனிக்கும் படைப்பிரிவு, ரெஜிமென்ட்டுக்கும் படைப்பிரிவு, பிரிகேடுக்கும் படைப்பிரிவு, கோருக்கும் படைப்பிரிவு! படைப்பிரிவைச் சேர்ந்த படைப்பிரிவு இன்னொரு படைப்பிரிவைத் தாக்கியது என்று படிக்கும் வாசகர் என்னதான் செய்வார்? குன்றைக் காத்த கர்னல் வின்சென்ட்டின் பிரிகேடில் நான்கு ரெஜிமென்ட்டுகள், அதில் ஒன்று மெய்ன் என்று ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா? அட்டையில் நூறு வருடம் பிந்தைய துப்பாக்கியைப் போடுவதைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். விலையில் மட்டும் ஒரு ரூபாய்கூடப் பிழை வருவதில்லை.

சற்றுக் கடுமையாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் மீது குறையில்லை, குறைந்த கூலிக்கும் நெருக்கும் கெடுவுக்கும் நடுவில் அவர்கள் வேலை செய்வது தெரியும். கணக்கைக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தின் முதலில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்: எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை தோட்டா, தண்ணீர் எங்கே போனது. கெட்டிக்கும் முறையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். இடம் போதவில்லையென்றால் மழைகளில் இரண்டை எடுத்துவிட்டு, குடுவையோடு போன அந்த 22 பேரை அங்கே சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்