வரவேற்பு நாளில் பெற்றோருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களை வரவேற்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது, துறைகளை அறிமுகப்படுத்துவது, ராகிங்கைத் தடுப்பது ஆகியவற்றைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துச் சொல்லியிருந்தார். ஆனால், பிள்ளையோடு வந்திறங்கும் குடும்பத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நெடுங்காலம் கல்லூரி ஆசிரியராக இருந்தவன், பல ஆண்டுகள் வரவேற்புக் குழுவிலும் பணியாற்றியவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஓர் ஆண்டு, அரங்கில் இடம் போதாது என்று பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே இரண்டு மணி நேரம் உரைகள் நடத்தினோம். இடையில் நான் வெளியே வந்தபோது, சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்தபடி தூண் ஓரமாக நின்றிருந்த ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் யாருக்குப் போன் பண்ணுவது?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விடுதிக் காப்பாளரின் எண்ணை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அவர் நீட்டிய ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார். கல்லூரியின் வரலாற்றுக்குக் கையேட்டில் நான்கு பக்கம் ஒதுக்கிய நாங்கள் அந்த ஓர் எண்ணை அச்சிடாமல் விட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு, செமஸ்டர், கிரெடிட், இன்டர்னல் மதிப்பெண் என்பவற்றையெல்லாம் வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இருப்பதில்லை. யாரை, எப்போது, எதற்காக அணுகலாம் என்பது தெரியாத தயக்கமே பாடத்தின் கடினத்தைவிட அதிகமாக அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது என் அனுபவம். அமெரிக்காவில், கல்லூரியில் சேர முடிவு செய்தவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினர் வகுப்பு தொடங்கும்போது வராமலே போய்விடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். குறைந்த வருவாய்க் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். பூர்த்தி செய்ய வேண்டிய படிவங்களும் எதிர்பாராத கட்டணங்களும் வந்து நிற்கும் அந்த இடைப்பட்ட மாதங்களில் கேட்பதற்கு ஒருவர் இல்லாதது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே வரவேற்பு என்பது சேர்க்கை உறுதியான அன்றே தொடங்க வேண்டும்.

மாணவர்களைப் பொறுத்தவரை, மூத்த மாணவர்களின் பேச்சுக்கு உள்ள வலிமை எங்கள் உரைகளுக்கு இல்லை. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 'இந்த இடம் நமக்கானதுதானா' என்ற கவலை தொடக்கத்தில் எல்லோருக்கும் வருவது, நாளடைவில் தீர்ந்துவிடுவது என்று மூத்த மாணவர்கள் கூறியவற்றை முதலாம் ஆண்டு மாணவர்களைப் படிக்கச் செய்து, அதைத் தம் சொந்த அனுபவத்தோடு சேர்த்து எழுதவும் பேசவும் வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சிதான். அமெரிக்காவில் நடந்த இந்த ஆய்வில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் உயர்ந்தன. வெள்ளையின மாணவர்களோடு அவர்களுக்கு இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்ற அவசரமும் தேவையற்றது. 1970-இல் கடும் மாணவர் போராட்டத்தைச் சந்தித்த அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகம், மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நம்பிக்கையை வளர்க்கும் நோக்கத்தோடு, முதலாம் ஆண்டு மாணவர்கள் சிறு குழுக்களாக ஓர் ஆசிரியரோடு தொடர்ந்து சந்திக்கும் வகுப்பு ஒன்றை 1972-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் அது நடந்து வருகிறது.

பெற்றோருக்கென்று தனியாக ஒரு மணி நேரம், அவர்கள் மொழியில், அவர்கள் கேட்கக் கேட்கப் பதில் சொல்லும் அமர்வாக நடத்தினாலே பாதிக் கவலை தீரும். விடுதி, மருத்துவ உதவி, கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் அங்கே நேரில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுடைய எண்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். விடைபெறுவதற்கும் நேரம் தர வேண்டும். அரங்குக் கதவு திறந்ததும் மாணவர்களை நேராக விடுதிக்கு அழைத்துப் போய்விடுவதால், மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே பேருந்து ஏறிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சேர்க்கைப் பருவத்துக்கு முன்பாக, பிள்ளைகளை முதன்முதலாகக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோரிடம், அன்று கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பிய கேள்விகள் எவை என்று விசாரித்துத் தங்கள் இதழில் வெளியிட்டால், கையேடு தயாரிப்பவர்களுக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்