நாற்காலி யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வதேச அமைப்புகளின் பதவிகளில் எல்லா நாடுகளுக்கும் பங்கு வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். நியாயம்தான். ஐ.நா. சாசனத்தின் 101-வது பிரிவே, திறமைக்கும் நேர்மைக்கும் முதலிடம் தந்துவிட்டு, ஆட்களைப் பரவலாக எடுக்கச் சொல்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பிரிவைத் தாங்கள் தொடவே இல்லையே! பணியில் இருப்பவர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது 100-வது பிரிவு.

1960-இல் சோவியத் தலைவர் குருசேவ், ஐ.நா.வின் ஒரே பொதுச்செயலாளருக்குப் பதிலாக மேற்கு, சோவியத், அணிசேரா என அணிக்கு ஒருவராக மூவரை அமர்த்தச் சொன்னார். நடுநிலை மனிதர் என்று யாருமே கிடையாது என்பது அவர் வாதம். மறு ஆண்டு ஆக்ஸ்போர்டு உரையில் அப்போதைய பொதுச்செயலாளர் ஹாமர்ஷெல்ட் பதில் சொன்னார். மனதில் சார்பே இல்லாத ஆளை அவர் கேட்கவில்லை. அந்தச் சார்பு கோப்புக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்பவரைத்தான் கேட்டார்.

எனக்கு உறுத்துவது இரவல் பணிமுறை. சொந்த நாட்டு அமைச்சகத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு ஐ.நா.வுக்கு வந்தவர், திரும்பிப் போய் அதே மேலதிகாரி முன்தான் நிற்க வேண்டும். அறிக்கையில் தன் நாட்டைப் பற்றிய பத்தி வரும்போது அவர் பேனா தயங்காதா? 'கண்டிக்கிறது' என்பது 'கவலை கொள்கிறது' ஆகிவிடும்.

பரவலாக ஆள் எடுக்கட்டும். எடுத்தவருக்கு நீண்டகாலப் பணி உறுதியும் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்