கிழங்கு லாரிக்குக் கணக்கு இல்லை

மாப்ள,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள், தட்டுவடை செட் என் செலவு. அம்மா நலம். நம் சிநேகிதன் டேங்க் மறுபடியும் வீடு மாறிவிட்டான், காரணம் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆபீஸில் ஒரு மேப் காட்டினார்கள். எந்தச் சாலையில் எவ்வளவு சரக்கு போகிறது என்று, சரக்கோடு போகும் ஆன்லைன் சீட்டான ஈ-வே பில்லையும் டோல்கேட் ஃபாஸ்டேகையும் வைத்து வரைந்தது. தொப்பூர் கணவாய் இறங்கி வரும் 44ஆம் எண் சாலை மலைப்பாம்பு மாதிரி. ஜவ்வரிசி மில்கள் இருக்கும் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகள் தலைமுடி அளவுகூட இல்லை. எந்தச் சாலைக்குப் பணம் என்பதும் அந்தத் தடிமனைப் பார்த்துத்தானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜவ்வரிசிக்கு ஜிஎஸ்டி உண்டு; 50,000 ரூபாய்க்கு மேல் வெளிமாநிலம் போனால் ஈ-வே பில் போட்டாக வேண்டும். பச்சை மரவள்ளிக் கிழங்குக்கு வரியும் இல்லை, பில்லும் இல்லை. தோட்டத்திலிருந்து மில்லுக்குப் போகும் ரோட்டில் டோல்கேட் ஏது? நாலைந்து டன் கிழங்கு அரைத்தால்தான் ஒரு டன் ஜவ்வரிசி. கனத்தோடு உள்ளே போவதை விட்டுவிட்டு, காய்ந்து இளைத்து வெளியே வருவதை எண்ணியிருக்கிறார்கள்!

சொன்னால் சிரித்தார்கள். லாரிச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எடைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு மில் ரோட்டில் மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். இரண்டாம் ராத்திரி, ஈர மண் ஒட்டிய கிழங்கோடு, தார்ப்பாய்கூட இல்லாமல் ஒரு லாரி. பின் அச்சு மட்டும் 16 டன். அனுமதி 11.5. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஃபைன் போடவா சார்?"

"இல்லைங்கண்ணா, ரோடு போட."

"அப்ப நல்லா எழுதிக்குங்க!"

அச்சு எடை இரட்டித்தால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. அமெரிக்காவில் 1958 முதல் 60 வரை லாரிகளை ஓட்டி ஓட்டியே கண்டுபிடித்த கணக்கு இது. பரீட்சையில் உன்னைப் பார்த்து எழுதினேன், ஞாபகமா?

மூன்றாம் ராத்திரி விடியும் நேரம், பால் கேனோடு வண்டியில் வந்தவர் எங்கள் கண்ணெதிரே பள்ளத்தில் விழுந்தார். கால் முறிந்துவிட்டது. பால் ரோடெல்லாம் ஓடியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, மாப்ள.

இனி உன்னிடம் வேலை. மில்லில் ஒவ்வொரு லோடையும் எடைமேடையில் ஏற்றி, பாயிண்ட் (அதுதான் மாவுச்சத்து அளவு) பார்த்து, சீட்டு எழுதித்தானே பணம் தருகிறார்கள்? கணக்கு அங்கே கட்டுக் கட்டாகத் தூசி படிந்து கிடக்கிறது. உன் மச்சான் மில்லில் ஒரு சீசன் சீட்டு மட்டும் வாங்கிக் கொடு. விலை, பெயர் எல்லாம் மறைத்துக்கொள்ளட்டும். தேதி, எடை, எந்த ஊர்க் கிழங்கு, இவ்வளவு போதும். சைக்கிள் விஷயத்தில் செய்த மாதிரி நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துவிடாதே.

உன்,
ஓசிப் பேனா